விருந்தாளிக்குப் போட்ட மாத்திரை

கியூபாவில், பினார் தெல் ரியோ நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலையில் இடால்மிஸைத் தெரியாதவர் கிடையாது. அவளை அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூக்கு கொஞ்சம் பெரிசு, நடை கொஞ்சம் வேகம், வாய் ரொம்பவே வேகம். ஆனால் அவள் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், அவளோடு ஆறு மாதமாகப் பேசாதவன்கூட நல்லதாகத்தான் பேசுவான். உருட்டி முடித்த சுருட்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. ஒரு பெட்டிக்கு இருபத்தைந்து. இடது கோடியில் கொஞ்சம் கறுத்ததை வைத்துத் தொடங்கினால், வலது கோடியில் கொஞ்சம் வெளுத்ததில் போய் முடிய வேண்டும். நடுவில் எங்கே நிறம் இறங்கியது என்று பார்ப்பவனுக்குத் தெரியவே கூடாது. வெளியாள் யாராவது அந்த மேசையைப் பார்த்தால், "எல்லாம் பழுப்புத்தானே" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தப் பழுப்பில் சிவப்போடியது, பச்சையோடியது, மஞ்சள் தட்டியது, எண்ணெய் மினுங்குவது என்று அறுபதுக்கு மேலே வகை உண்டு. பத்தொன்பது வயதில் அந்த மேசையில் உட்கார்ந்தவள், நாற்பத்தொரு வயதில் பாட்டைக் கேட்டுக்கொண்டே, பக்கத்து மேசைக்காரியை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பாள், கை தன்போக்கில் பிரித்துப் போடும்.

அந்தக் கண்ணுக்குத்தான் தொண்ணூற்று மூன்றாம் வருடம் கேடு வந்தது. அது வந்த விதத்தை, அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து அதே தெருவில் குடியிருந்த நான் சொல்கிறேன்.

கியூபாவில் அது என்ன காலம் என்று கேட்டால், அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் விசேஷ காலம். என்ன விசேஷத்தைக் கண்டார்களோ. சோவியத்துக் கப்பல்கள் வருவது நின்று போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, வடக்கே தொண்ணூறு மைலில் இருக்கிற பெரிய மனுஷன், முப்பது வருடமாக எங்கள் கழுத்தில் போட்டிருந்த வர்த்தகத் தடையை இன்னொரு சுற்று இறுக்கினான். எங்கள் துறைமுகத்தைத் தொட்ட கப்பல் ஆறு மாதத்துக்கு அவன் துறைமுகத்தைத் தொடக்கூடாதாம். எந்தக் கப்பல்காரன் எங்கள் முகத்துக்காக ஆறு மாதப் பிழைப்பை விடுவான்? மருந்து விற்கத் தடையில்லை என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குப் போட்டிருந்த நிபந்தனைகளைப் படித்து முடிப்பதற்குள் நோயாளி செத்துப் போவான். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாப்பாடு எங்கே என்று கேட்டால் மேடையில் ஏறி இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு பன். காலையில் காப்பிக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர். பீன்ஸ் வந்தால் அரிசி வராது, அரிசி வந்தால் அடுப்புக்கு மண்ணெண்ணெய் வராது. இடால்மிஸின் புருஷன் எராக்லியோ பேருந்து ஓட்டுநர். டீசல் இல்லாமல் பேருந்து நின்ற இடத்திலேயே நின்று சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. அவன் சீனச் சைக்கிளில் இருபது கிலோமீட்டர் மிதித்துப் போய், யாருடைய வயலிலாவது வள்ளிக்கிழங்கு தோண்டிக் கொடுத்து, பங்குக்கு நாலு கிழங்கு கொண்டு வருவான். மகள் யாமிலேவுக்குப் பதினாலு வயது. வளர்கிற பிள்ளை, தட்டை நக்கிவிட்டு அம்மாவின் தட்டைப் பார்க்கும்.

"இதையும் சாப்பிடுடி. எனக்குக் காலையில எது தின்னாலும் குமட்டும்" என்று இடால்மிஸ் தன் பன்னை அவள் பக்கம் தள்ளுவாள்.

"மத்தியானமும் இதையேதான் சொன்ன."

"மத்தியானமும் குமட்டுச்சு. வாயாடாம தின்னு."

இடால்மிஸுக்குச் சாப்பாடு சுருட்டுத்தான். தொழிற்சாலையில் எது கிடைக்காவிட்டாலும் புகைக்கச் சுருட்டு கிடைக்கும். மேசையில் உட்கார்ந்தபடியே மூன்று, நான்கு ஊதுவாள். நாலு இழுப்பு இழுத்தால் பசி அடங்கிப் படுத்துக்கொள்ளும்.

இத்தனை பஞ்சத்திலும் ஒன்றை மட்டும் எங்கள் ஊரில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிகிற அன்று ஊரைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும், வாடகைக்காவது நல்ல கவுன் எடுத்துப் போட்டுப் படம் பிடிக்க வேண்டும். கல்யாணம் நின்றால்கூட ஊர் மறந்துவிடும், பதினைந்து நின்றால் மறக்காது. யாமிலேவுக்குச் செப்டம்பரில் பதினைந்து. பிப்ரவரி மாதமே எராக்லியோ சைக்கிள் கூடையில் சாக்கைப் போட்டு மூடி ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டு வந்தான். மூன்றாவது மாடி வீடு. வளர்க்க இடம் குளியலறைத் தொட்டிதான். குடியிருப்பில் பன்றி வளர்க்கத் தடை, சத்தம் அதிகாரிகள் காதுக்கு எட்டக் கூடாதே என்று கால்நடை மருத்துவர் ஒருவரைப் பிடித்துக் குரல் நாணை அறுக்கச் சொன்னார்கள். அந்த வருடம் நகரத்தில் பாதிப் பன்றிகள் இப்படி ஊமைகள்தாம். வாயைத் திறக்கும், காற்று மட்டும் வரும்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் விருந்தாளி. வாசலில் நின்று யாராவது, "விருந்தாளி சௌக்கியமா" என்று கேட்பார்கள். "எங்க, சரியாவே சாப்பிட மாட்டேங்குறார்" என்று இடால்மிஸ் சொல்வாள். அது உண்மைதான். வாழைத்தோலும் கிழங்குத்தோலும் போட்டுப் போட்டு அந்தக் குட்டிக்கு அலுத்துவிட்டது. மே மாதம் வந்தும் நாய்க்குட்டி அளவுதான் இருந்தது. வீட்டுக்காரர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் வாளியை வைத்துக் குளிக்கும்போது, அது இவர்களைப் பார்த்தபடியே நிற்கும்.

அதற்குள் ஊரில் இன்னொரு பயம் பரவியிருந்தது. போன வருடத்திலிருந்தே புகையிலை வயல் பக்கத்து ஆட்களுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. நல்லாயிருந்த மனிதன் ஒரு மாதத்தில் எதிரே வருகிறவன் யாரென்று தெரியாமல் தடுமாறினான். கால் எரிகிறது, நடக்க முடியவில்லை என்று சிலர். ரம்மில் விஷம் என்றார்கள், வயலுக்கு அடித்த மருந்து என்றார்கள். தொழிற்சாலையில் வேலை நடக்கும்போது மேடையிலிருந்து ஒருவர் எங்களுக்கு நாளிதழ் வாசிப்பார். ஒரு நாள் அவர்தான் அதை வாசித்தார்: ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்துவிட்டது, சத்துக் குறைவுதான் முக்கியக் காரணம் என்று சந்தேகிக்கிறார்கள், ஊர் முழுக்க எல்லாருக்கும் வைட்டமின் மாத்திரை வீட்டுக்கே வரும்.

வந்தது. எங்கள் தெரு மருத்துவர் நெரெய்தா, எதிர் வரிசையில் மருத்துவ அறைக்கு மேலேயே குடியிருப்பவள். முப்பது வயதுகூட ஆகாத பெண், அவளும் ஓட்டடைக் குச்சிதான். வீடு வீடாக ஏறி ஆளுக்கு ஒரு மாதத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள்.

"தினம் ஒண்ணு. மறக்கக் கூடாது இடால்மிஸ் அக்கா. நீங்க புகை பிடிக்கிறவங்க, உங்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம்."

"சரி டாக்டரம்மா."

முதல் நாள் விழுங்கினாள். இரண்டாம் நாளும் விழுங்கினாள். மூன்றாம் நாள் தொழிற்சாலையில் அவள் வயிறு போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். சுருட்டுக்கு மேல் சுருட்டு இழுத்தும் பசி அடங்கவில்லை. அந்த மாத்திரை பசியைத் திறந்துவிடுகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. பலர் அதனாலேயே தொடவில்லை. வயிற்றை அடக்க இரண்டு வருடமாகப் பழகியவர்களிடம் போய்ப் பசியை எழுப்புகிற மாத்திரையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்?

இடால்மிஸ் குளியலறைக்குப் போனாள். தொட்டியில் விருந்தாளி கிழங்குத்தோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. பசி யாருக்கு வேண்டுமோ அவருக்குப் போகட்டும் என்று நினைத்தாள். மாத்திரையை நசுக்கித் தோலில் தூவினாள். மறுநாளும் தூவினாள். ஒரு வாரத்தில் அந்தக் குட்டி தொட்டியைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தது. மகளுக்கும் புருஷனுக்கும் அவரவர் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிறார்களா என்று நின்று பார்ப்பாள். தன்னுடையதை மட்டும் யாருக்கும் சொல்லாமல் சோப்பு வைக்கும் மாடத்தில் வைத்துக்கொண்டாள். அந்த மாடத்தில் சோப்பு இருந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஜூன் கடைசியில் மேற்பார்வையாளர் எவெலியோ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார்.

"இது யார் பெட்டி?"

கேட்டபடியே பெட்டியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அடியில் எண் இருந்தது. இடால்மிஸின் எண். எவெலியோவே அதை நம்பவில்லை.

"யாரோ உன் பெட்டியில விளையாடியிருக்காங்க. பாரு, சிவப்போடினதுக்கு நடுவுல பச்சையோடினது நாலு. குழந்தைகூட இப்படி அடுக்காது."

இடால்மிஸ் பெட்டியைப் பார்த்தாள். இருபத்தைந்தும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. "எந்தக் கழுதை பண்ணுன வேலையோ. கொடுங்க, சரி பண்றேன்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எந்த நாலு என்று அவளுக்குத் தெரியவில்லை. எவெலியோ விரல் வைத்துக் காட்டிய இடத்தை நினைவில் வைத்து எடுத்து மாற்றினாள்.

அன்றிலிருந்து ஜன்னலோர இடத்துக்கு மாறினாள். வருகிற சுருட்டுக் கட்டு எந்தப் பண்ணை இலை என்று உருட்டுகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு, நிறத்தை ஊகித்துப் பிரித்தாள். ராத்திரி பாதம் நெருப்பாக எரிந்தது, ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டாள். நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் கண்ணாடிதானே என்று எராக்லியோவிடம் சொன்னாள். மனதுக்குள் அவளுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் விருந்தாளி இப்போதுதான் சதை பிடிக்கிறது, இன்னும் பத்து வாரம்தான், பதினைந்து முடியட்டும், பிறகு நானும் மாத்திரை போடுகிறேன் என்று கணக்குப் போட்டாள். ஜூலையில் நெரெய்தா அடுத்த மாதத்து மாத்திரையோடு வந்தபோதும், ஆகஸ்டில் வந்தபோதும் கேட்டாள்.

"ஒழுங்கா சாப்பிடுறீங்கதானே?"

"தினமும் டாக்டரம்மா. ஒண்ணுகூட விடல."

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தி மகள் போட்டுக்கொண்ட கவுனை யாமிலேவுக்கு இரவல் வாங்கி வந்தார்கள். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்து, வெளிச்சத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எப்படிம்மா இருக்கு?"

இடால்மிஸ் உதட்டைப் பிதுக்கினாள். "துணி நல்ல துணிதான். ஆனா பதினஞ்சுக்குப் போய் யாராவது பழுப்பு போடுவாங்களா? மேசையில இருந்து ஒரு சுருட்டு எழுந்து வந்த மாதிரி இருக்க."

யாமிலே சிரித்தாள். அம்மாவின் வழக்கமான கிண்டல் என்று நினைத்தாள். அம்மா சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அம்மா, இது சிவப்பு."

"போடி."

"அப்பா, நீங்க சொல்லுங்க."

எராக்லியோ மனைவியைப் பார்த்தான். "ரத்தச் சிவப்பு இடால்மிஸ். தெருக்கோடியில இருந்து பார்த்தாலும் தெரியும்."

இடால்மிஸ் எழுந்து போய்க் கவுனைக் கையில் பிடித்துக் கண்ணருகே கொண்டு வந்தாள். அவளுக்கு அது காய்ந்த இலையின் நிறம்தான். இருபத்திரண்டு வருடம் நிறத்தில் சோறு தின்றவள், மகளின் சிவப்புக் கவுனைப் பழுப்பு என்று சொன்னாள். யாமிலே கவுனைக்கூடக் கழற்றாமல், தரையில் இழுபட இழுபடப் படியிறங்கி ஓடி நெரெய்தாவைக் கூட்டி வந்தாள்.

நெரெய்தா ஒரு பேனாவின் சிவப்பு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு கண்ண மூடிக்கங்க அக்கா. என் மூக்கை நேரா பாருங்க."

இடால்மிஸ் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு, "உங்க காது தெரியுது டாக்டரம்மா. தோடு தெரியுது. மூக்கு இல்ல" என்றாள்.

"மூக்கு இருக்கிற இடத்துல என்ன இருக்கு?"

"புகை மாதிரி. நேரா எதைப் பார்த்தாலும் அது மேல வந்து உக்காந்துக்குது."

நெரெய்தா மற்றக் கண்ணையும் சோதித்தாள். மூடியை அப்படியும் இப்படியும் நகர்த்தினாள். காலைத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே முழங்கால் வரை வந்தாள். அவள் முகம் குழம்பிப் போயிருந்தது.

"எனக்குப் புரியல. இந்தத் தெருவுல பதினோரு பேருக்கு இது வந்துச்சு. மாத்திரை ஆரம்பிச்சதும் ஒன்பது பேருக்குத் தெளிஞ்சிருக்கு. நீங்க மூணு மாசமா ஒண்ணு விடாம சாப்பிட்டிருக்கீங்க. உங்களுக்கு வரவே கூடாது."

இடால்மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாமிலேதான் அம்மாவின் பார்வை குளியலறைக் கதவுப் பக்கம் போய் வந்ததைக் கவனித்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மாடத்தில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது. பக்கத்தில் நசுக்குகிற கரண்டி, அதில் மஞ்சள் பொடி. தொட்டி நிறைய விருந்தாளி. அது கொழுகொழுவென்று, காதை ஆட்டிக்கொண்டு, கரண்டியைப் பார்த்ததும் வாயைப் பிளந்து காற்றால் கத்தியது.

எராக்லியோவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் சுவரில் சாய்ந்துகொண்டான். "அடிப் பாவி" என்றான்.

நெரெய்தா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். பன்றியின் முகத்துக்கு நேரே பேனா மூடியை நீட்டினாள். அது மூடி போகிற பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பியது.

"பன்றிக்குப் பார்வை பிரமாதமா இருக்கு" என்றாள். பிறகுதான் கோபம் வந்தது. "அக்கா, அந்தப் பொடி எங்கிருந்து வருதுன்னு தெரியுமா? பக்கத்து நாட்டுல இருந்து வர வேண்டியது. விட மாட்டேன்னுட்டாங்க. அது உலகத்தையே சுத்தி, எத்தனையோ கை மாறி வந்து சேர்ந்துச்சு. தடை போட்டவனாலயே அதைத் தடுக்க முடியல. உங்க வீட்டுக்குள்ள, உங்க கைக்கே வந்துடுச்சு. அதைப் போய் நீங்க..."

"பசிக்குது டாக்டரம்மா" என்றாள் இடால்மிஸ், குரலை உயர்த்தாமல். "அதைப் போட்டா பசிக்குது. பசிச்சா நான் எதைத் திங்கறது, சொல்லுங்க. என் பன்னு அவகிட்ட இருக்கு. அதைத் திருப்பிக் கேக்கவா?"

நாலு வருடம் இதே தெருவில் வைத்தியம் பார்த்தவள், ஆறு வருடம் படித்தவள், அந்த நெரெய்தா பன்றியின் முதுகில் கையை வைத்தபடி அழுதாள். யாமிலே சிவப்புக் கவுனோடு குளியலறை வாசலில் நின்றாள். தான் தின்ற பன்களையெல்லாம் அந்தப் பிள்ளை அப்போது எண்ணியிருக்கும். அந்த முகத்தைப் பார்த்த எராக்லியோ பிறகு என்னிடம் சொன்னான், ஒரு குழந்தைக்கு அப்படி ஒரு முகம் வரக்கூடாது என்று.

மறுநாள் காலை நெரெய்தா ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு வீடு வீடாக ஏறி, எல்லாரையும் தன் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வைத்தாள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுக் கோழிகளும் இன்னொரு பன்றியும் வைட்டமின் தின்றுகொண்டிருந்தது அன்றுதான் வெளியே வந்தது. இடால்மிஸை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரம் ஊசி போட்டார்கள். கால் எரிச்சல் குறைந்தது. ஓரங்களில் வெளிச்சம் கூடியது, மங்கலாக நிறங்கள் கொஞ்சம் திரும்பின. நடுவில் இருந்த புகை மட்டும் நகரவில்லை. சீக்கிரம் வந்தவர்களுக்குத் திரும்பியது, இவளுக்கு நரம்பு காய்ந்துவிட்டது, இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள். எவெலியோ அவளை இலைக்காம்பு கிழிக்கும் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தார். அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும்.

பதினைந்து நடக்க வேண்டாம் என்று யாமிலே அழுதாள். இடால்மிஸ் விடவில்லை. "என் கண்ணைப் போட்டு வளர்த்த பன்றி. அதைச் சும்மா விடச் சொல்றியா?" என்றாள். செப்டம்பரில் விருந்து நடந்தது. தெரு முழுக்க வந்தது. இரண்டு வருடமாகக் கறியின் மணமே தெரியாத ஜனம், எலும்பைக்கூட விட்டு வைக்கவில்லை. ஈரலை மட்டும் யாரும் தொடக் கூடாது, அந்தச் சத்து முழுக்க இடால்மிஸுக்குத்தான் என்று நெரெய்தா உத்தரவு போட்டிருந்தாள். இடால்மிஸ் அதை ஒரு துண்டு விடாமல் தின்றாள்.

"எப்படி இருக்கு அக்கா?"

"மாத்திரை வாசம் அடிக்குது" என்றாள். சிரித்தவர்கள் பாதி, சிரிக்க முடியாதவர்கள் பாதி.

சிவப்புக் கவுனில் யாமிலே அப்பாவோடு ஆடினாள். பிறகு படம் பிடித்தார்கள். பிலிமும் அபூர்வம், ஒரே ஒரு குடும்பப் படம்தான்.

ஒரு மாதம் கழித்துப் படம் கைக்கு வந்தது. யாமிலே அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆளில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் என்னைப் பாக்குறாங்க, நீ மட்டும் பாக்கல. அன்னிக்கு முழுக்க நீ என்னைப் பாக்கவே இல்லம்மா. ஆடும்போதும் பார்த்தேன், நீ எங்கயோ பார்த்துட்டு இருந்த. என் மேல கோபமா? உன் பன்னையெல்லாம் நான் தின்னேன்னா?"

இடால்மிஸ் கையை நீட்டித் தடவி மகளின் கன்னத்தைப் பிடித்தாள். இடால்மிஸின் முகம் அப்போதும் ஜன்னல் பக்கம்தான் இருந்தது.

"நேரா பார்த்தா உன் மூஞ்சி இருக்கிற இடத்துல புகைதாண்டி இருக்கு. சுவரைப் பார்த்தாத்தான் ஓரத்துல நீ தெரியுற. அன்னிக்கு முழுக்க நான் உன்னைத் தவிர வேற எதையும் பாக்கல."

அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், அம்மா ஏன் சுவரைப் பார்க்கிறாள் என்று கேட்பார்கள். வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. யாமிலேவுக்கு இப்போது கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருக்கிறது. அம்மாவோடு பேச உட்காரும்போதெல்லாம் இன்றைக்கும் அவள் எதிரே உட்கார மாட்டாள், நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துப் போட்டுத்தான் உட்காருவாள்.